அண்ணத்தில் பூத்த கறுப்பு

என் வாய்க்குள் இருந்ததை நான் பார்க்கவில்லை. அதைப் பார்த்த என் கணவரின் முகத்தைத்தான் பார்த்தேன்.

சிதம்பரத்தில் ஒரு பெரிய ஆஸ்பத்திரி. காது மூக்கு தொண்டைப் பிரிவில், கைப்பிடியில் வண்ணம் உரிந்த ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். டாக்டர் வசுமதி நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு, "வாய நல்லாத் தெறங்க டீச்சர்" என்றார். இரும்புத் தகடு நாக்கை அழுத்தியது. டெட்டால் வாசனை. அவருடைய முகம் என் முகத்துக்கு மிக அருகே வந்தது. அப்படியே நின்றது.

பிறகு என் கணவரைத் திரும்பிப் பார்த்தார். "சார், கொஞ்சம் இப்படி வந்து பாருங்க."

என் கணவர் செல்வராசு கடலூர் முதுநகரில் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருந்தார். எரிந்துபோன மோட்டார்களைப் பிரித்துப் பிரித்துப் பழகியவர். லேசில் கலங்க மாட்டார். அவர் குனிந்து பார்த்தார். கண் விரிந்தது. வாய் தானாகத் திறந்துகொண்டது. மேல்துண்டை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டார்.

"கருகிப் போன காயில் மாதிரி இருக்குதே மேடம்" என்றார்.

இத்தனை வாரமாக என் பள்ளிக்கூடக் கதைகளை எழுதிக்கொண்டு வருகிறேன். நடுவில் ஒரு வருடத்தை மட்டும் தாண்டிக் குதித்துவிட்டதை ஒரு வாசகி கவனித்திருக்கிறார். "அந்த வருஷம் எங்க போனீங்க டீச்சர்?" என்று கேட்டிருந்தார். இங்கேதான் போயிருந்தேன்.

மூட்டு பிடித்த வருடம்

சுனாமி வந்து ஒன்றிரண்டு வருடம் இருக்கும். ஊர் முழுக்கச் சிக்குன்குனியா. காய்ச்சல் நாலு நாளில் போய்விடும். மூட்டு வலி போகாது. எங்கள் பள்ளிக்கூடத்தில் தலைமையாசிரியை சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தார். வாட்ச்மேன் மணி அடிக்கக் கையைத் தூக்க முடியாமல் பிள்ளைகளை விட்டு அடிக்கச் சொன்னார்.

நான் தமிழாசிரியை. எனக்கு விரல்கள் பிடித்துக்கொண்டன. சாக்பீஸைப் பிடித்தால் கண்ணில் தண்ணீர் வரும்.

ஆசிரியர் அறையில் என் பக்கத்து நாற்காலி இந்திரா டீச்சருடையது. அறிவியல் பாடம். நல்ல மனசு, யாருக்குத் தலை வலித்தாலும் அவருடைய கைப்பையில் மாத்திரை இருக்கும். ஒருநாள் என் கையைப் பார்த்துவிட்டு, பட்டையிலிருந்து சின்ன வெள்ளை மாத்திரை ஒன்றைப் பிதுக்கிக் கொடுத்தார்.

"இத ஒண்ணு போடுங்க. சாயந்தரம் ஓடுவீங்க."

ஓடினேன். நிஜமாகவே ஓடினேன். மறுநாளே கரும்பலகை நிறைய எழுதினேன். பிறகு நானே வாங்கிப் போட்டுக்கொள்ள ஆரம்பித்தேன். மருந்துக் கடையில் பேர் சொல்லிக் கேட்டால் கொடுத்தார்கள். அந்த வருடம் பாதி ஊர் அதைத்தான் தின்றது.

அது ஸ்டீராய்டு என்று எனக்குத் தெரியாது. அது சர்க்கரையை ஏற்றும் என்றும் தெரியாது. எனக்குச் சர்க்கரை வியாதி ஏற்கெனவே இருந்தது என்பது அதைவிடத் தெரியாது.

தாகம் எடுத்தது. வெயில் காலம், தாகம் எடுக்காமல் என்ன செய்யும் என்று நினைத்தேன். ஜாக்கெட் தொளதொளத்தது. "டீச்சர் ஸ்லிம்மாயிட்டாங்க" என்று பிள்ளைகள் பேசிக்கொண்டது காதில் விழுந்தபோது சந்தோஷமாகக்கூட இருந்தது.

பிறகு இடது மேல்பல் வலித்தது. அடுத்த நாள் கன்னம் வலித்தது. அதற்கடுத்த நாள் வலி நின்றுவிட்டது. நின்றதுதான் ஆபத்து என்று யாருக்குத் தெரியும்? இடது மூக்கைச் சிந்தினால் காப்பித்தூள் கரைசல் போல ஏதோ வந்தது. கண்ணுக்குக் கீழே லேசாக வீங்கியது.

மஞ்சக்குப்பத்தில் ஒரு இளம் பல் டாக்டர். பல்லை ஆட்டிப் பார்த்தார், ஆடியது. பல்லில் சொத்தை இல்லை. கன்னத்தில் பஞ்சால் தடவினார்.

"தெரியுதாம்மா?"

"எது?"

பஞ்சை என் கண்ணுக்கு முன்னால் காட்டினார். அதுவரை அவர் தடவிக்கொண்டிருந்தார் என்பதே எனக்குத் தெரியவில்லை. பல்லைப் பிடுங்குவார் என்று வாயைத் திறந்துகொண்டே இருந்தேன். அவர் கையுறையைக் கழற்றிவிட்டார். "இது பல்லு இல்லம்மா. எனக்கு இது பிடிக்கல. நாளைக்கின்னு வைக்காதீங்க, சிதம்பரம் போயிடுங்க" என்றார். இன்றைக்கும் அந்தப் பையனை நினைத்துக்கொள்கிறேன். பிடுங்கி, மாத்திரை கொடுத்து அனுப்பியிருந்தால் இந்தத் தொடர் இல்லை.

என் தம்பி குமரன் வாடகை வேன் ஓட்டுகிறவன். விடிந்ததும் வந்து நின்றான். ஆலப்பாக்கம், புதுச்சத்திரம் என்று ஊர்கள் பின்னால் போய்க்கொண்டிருந்தன. வெளியே சவுக்குத் தோப்பு. எனக்கு எல்லாமே இடது பக்கம் கொஞ்சம் மங்கலாகத் தெரிந்தது. அதை யாரிடமும் சொல்லவில்லை.

எனக்குத் தெரிந்த பூஞ்சை

இந்த இடத்தில் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

நாங்கள் தேவனாம்பட்டினத்து மீனவக் குடும்பம். அப்பா கட்டுமரம் ஏறியவர். ஈரக் காலோடும் ஈரக் கையோடும் வாழ்ந்த மனுஷர். கால் விரல் இடுக்கெல்லாம் வெளுத்துப் பிளந்து சேற்றுப்புண்ணாக இருக்கும். ஆஸ்பத்திரியில் ஊதா மருந்து கொடுப்பார்கள். எங்கள் தெருவில் பாதி ஆம்பிளைகளுக்குக் கால் ஊதாவாகத்தான் இருக்கும். எங்கள் அம்மா சொல்வார்: "இந்த மனுசன் வூட்டுக்கு வந்து போனாரா இல்லியான்னு கேக்கவே வேணாம், தரையப் பாத்தாப் போதும்."

அப்புறம் எனக்கு முதுகில் தேமல். தம்பிக்கு இடுப்பில் படர்தாமரை. வட்டம் வட்டமாக, சொறிந்து சொறிந்து அழுவான். சீமை அகத்தி இலையை அரைத்துப் பூசுவார்கள். கொஞ்ச நாளில் போகும், மழைக்காலத்தில் திரும்ப வரும். பூஞ்சை என்றால் எனக்கு இவ்வளவுதான். அரிக்கும், அசிங்கமாக இருக்கும், ஆளைக் கொல்லாது.

அதனால்தான் அன்றைக்குச் சிதம்பரத்தில் அப்படி ஒரு கேள்வி கேட்டேன்.

அண்ணன் வரட்டும்

என் கணவரின் முகத்தைப் பார்த்த பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. நர்ஸ் ஒருத்தி விரலில் குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுத்துக் கருவியில் வைத்தாள். எண் வரவேண்டிய இடத்தில் எண் வரவில்லை. 'ஹை' என்று எழுத்து வந்தது. அந்தக் கருவியால் அளக்க முடிகிற எல்லையைத் தாண்டிவிட்டதாம். அவள் என்னைப் பார்த்து, "சுகருக்கு என்ன மாத்திரை சாப்புடுறீங்க?" என்று கேட்டாள். எனக்கு சுகரே இல்லையே என்றேன்.

டாக்டர் வசுமதி மூக்குக்குள்ளிருந்து ஒரு துணுக்கைச் சுரண்டி எடுத்தார். கறுப்பாக, நனைந்த கரித்துண்டு போல. சுரண்டும்போது வலிக்கவும் இல்லை, ரத்தம் வரவும் இல்லை. அவர் அதைக் கவனித்துத் தலையை ஆட்டிக்கொண்டதை நான் கவனித்தேன். துணுக்கைச் சின்னக் குப்பியில் போட்டுக் குமரனிடம் கொடுத்து, "லேபுக்கு ஓடுங்க தம்பி, அங்கேயே நின்னு கேட்டுட்டு வாங்க" என்றார்.

ஒரு மணி நேரத்துக்குள் அவன் ஓடி வந்தான். லேபில் இருந்த டாக்டர் துணுக்கை ஏதோ ஒரு கரைசலில் ஊறவைத்து, நுண்ணோக்கியில் பார்த்துவிட்டு, அவனையும் பார்க்கச் சொல்லியிருக்கிறார்.

"அக்கா, ரொட்டி நாள்பட்டா மேல பூக்குமே, அந்த ஜாதியாம்க்கா" என்றான். அவனுக்கும் அதன் பொருள் தெரியவில்லை.

"பூஞ்சை" என்றார் டாக்டர் வசுமதி.

எனக்கு உயிர் வந்தது. புற்றுநோய் என்று சொல்லப்போகிறார் என்று பயந்துகொண்டிருந்தேன். சிரித்தேவிட்டேன். "அவ்ளோதானா மேடம்? களிம்பு ஏதாச்சும் தருவீங்களா?"

அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு என் எதிரே உட்கார்ந்தார். டாக்டர்கள் உட்கார்ந்து பேசினால் விஷயம் பெரிது என்பதை அன்றைக்குத்தான் கற்றுக்கொண்டேன்.

"டீச்சர், இது தோல்ல வர்ற பூஞ்சை இல்ல. இது காத்துல எப்பவும் இருக்கறதுதான். உங்க மூக்குல, என் மூக்குல, எல்லார் மூக்குலயும் போவுது. ஒடம்பு நல்லா இருந்தா ஒண்ணும் பண்ணாது. சர்க்கரை இப்படி ஏறிக் கெடந்தா, மூக்குக்குள்ள ஒக்காந்து ரத்தக் குழாயப் புடிச்சிக்கும். குழா அடைச்சா அந்த எடம் செத்துப்போவும். கறுப்பா இருக்கறது பூஞ்சை இல்ல, செத்த சதை. உங்களுக்கு எடது பக்கம் அண்ணமும் மேல்தாடையும் போயிடுச்சி. அடுத்தது கண்ணு. அப்புறம் மூளை."

"மருந்து?" என்று என் கணவர் கேட்டார்.

"மருந்து இருக்கு சார். ஆனா செத்த எடத்துக்கு ரத்தம் போவாது. ரத்தம் போவாத எடத்துக்கு மருந்து எப்படிப் போவும்? வெட்டி எடுத்தே ஆவணும். இன்னிக்கே. கண்ணுக்குள்ள போயிருந்தா கண்ணையும் எடுக்க வேண்டியிருக்கும். அத உள்ள போய்ப் பாத்தாத்தான் சொல்ல முடியும்."

இப்போது கருப்புப் பூஞ்சை என்றால் குழந்தைக்குக்கூடத் தெரிகிறது. கொரோனா காலத்தில் டிவியில் நாள் முழுக்கச் சொன்னார்கள். அன்றைக்கு அதற்கு எங்களுக்கு ஒரு பேர்கூட இல்லை. நேற்றுவரை பாடம் நடத்திக்கொண்டிருந்த பொம்பளை நான். இன்றைக்கு என் தாடையை வெட்ட வேண்டும் என்கிறார்கள். காதில் விழுந்தது, உள்ளே இறங்கவில்லை.

என் கணவர் எழுந்து நின்றார். "திருவதிகைல எங்க அண்ணன் இருக்காரு மேடம். அவரு ஒரு வார்த்த சொல்லிட்டா..."

வராந்தாவுக்குப் போய் செல்போனில் பேசினார். அண்ணன் சத்தமாகப் பேசுகிறவர், எனக்கே கேட்டது. அவசரப்படாதே, பாண்டிச்சேரிக்குக் கொண்டுபோய் இன்னொரு டாக்டரிடம் காட்டலாம், நாளைக்கு நானே வருகிறேன், கையெழுத்துப் போட்டுவிடாதே என்றார். என் கணவர் "சரிண்ணே, சரிண்ணே" என்றார். ஸ்ரீமுஷ்ணம் கோயிலில் மொட்டை போடுவதாகத் தான் வேண்டிக்கொண்டதையும் சொன்னார்.

குமரன் அவர் முன்னால் போய் நின்றான். "மாமா, நாளைக்குன்னு சொல்ல வேணாம் மாமா. டாக்டரம்மா மொகத்தப் பாத்தீங்கல்ல."

"மச்சான், அவ கண்ண எடுத்துட்டா நான் அவளுக்கு என்னாடா பதில் சொல்றது?"

எனக்கு அதுவரை ஓடாத மூளை அப்போதுதான் ஓடியது. அவருக்குப் பயம், நான் சாவேன் என்பதல்ல. நான் கேட்பேன் என்பது. நானே எழுந்து போனேன். நர்ஸிடம் பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டேன். "நான் எதுவும் கேக்க மாட்டேங்க" என்று அவரிடம் சொன்னேன். நன்றாகப் பேசிய என் கடைசி வாக்கியங்களில் அது ஒன்று.

வாயிலிருந்து வந்த சத்தம்

விழித்தபோது பகல். முதலில் வலது கண்ணைக் கையால் மூடிப் பார்த்தேன். மின்விசிறி தெரிந்தது. இடது கண் இருந்தது.

என் கணவர் கட்டில் ஓரம் நின்றிருந்தார். தாகம். தண்ணீர் கேட்க வாயைத் திறந்தேன்.

"நண்ணி" என்று வந்தது.

யாரோ மூக்காலேயே பேசி என்னைக் கேலி செய்வது போல இருந்தது. மறுபடி முயன்றேன். "நண்ணி." அவருக்குப் புரியவில்லை. நர்ஸைக் கூப்பிடலாமா என்று கேட்டார். காற்று எல்லாம் மூக்கு வழியாகப் போய்விட்டது. வாய்க்குள் எதையும் நிறுத்த முடியவில்லை. நாக்கால் தடவிப் பார்த்தேன். வலது பக்கம் அண்ணம் இருந்தது. இடது பக்கம் நாக்கு மேலே போய்க்கொண்டே இருந்தது. கூரை இல்லை.

இருபது வருடமாக ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தவள் நான். க ச ட த ப ற வல்லினம். ங ஞ ண ந ம ன மெல்லினம். வல்லினத்துக்கு வாய்க்குள் காற்று அடைபட்டு வெடிக்க வேண்டும். மெல்லினம் மூக்கு வழியாக வரும். சந்தேகமிருந்தால் மூக்கைப் பிடித்துக்கொண்டு 'ம' சொல்லிப் பாருங்கள் என்பேன். வகுப்பே மூக்கைப் பிடித்துக்கொண்டு சிரிக்கும். அந்தக் கட்டிலில் படுத்துக்கொண்டு ஒவ்வோர் எழுத்தாகச் சொல்லிப் பார்த்தேன். வல்லினம் ஆறும் போய்விட்டன. ப கேட்டால் ம வந்தது. ட கேட்டால் ண வந்தது.

பயத்தில் அவரைக் கூப்பிட்டேன். "என்னங்க" என்றேன்.

அது மட்டும் கிட்டத்தட்ட அப்படியே வந்தது. "என்னங்ங." இருந்தவை எல்லாம் மெல்லினம், ஒரே ஒரு க மட்டும் கரைந்து போயிருந்தது. அவருக்குப் புரிந்துவிட்டது. கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு கீழே உட்கார்ந்து அழுதார். கல்யாணமாகி அத்தனை வருடத்தில் அவர் அழுது நான் பார்த்ததில்லை.

மஞ்சள் மருந்து

வெட்டியது பாதி வைத்தியம்தான். மீதிப் பாதி மருந்து. மஞ்சளாக இருக்கும். வெளிச்சம் படக்கூடாது என்று பாட்டிலுக்கும் குழாய்க்கும் கறுப்புக் காகிதம் சுற்றுவார்கள். சொட்டுச் சொட்டாக மணிக்கணக்கில் ஏறும்.

ஏற ஆரம்பித்துக் கொஞ்ச நேரத்தில் குளிர் வரும். குளிர் என்றால் போர்வைக்கு அடங்குகிற குளிர் இல்லை. பல் அடித்துக்கொள்ளும், இரும்புக் கட்டில் தரையில் சத்தம் போடும். குமரன் என் கால்கள் மேல் குறுக்கே படுத்துக்கொள்வான். வேன் ஓட்டி முறுக்கேறிய உடம்பு அவனுக்கு. அவனையும் சேர்த்து ஆட்டும். வாந்தி வரும். மூக்கில் போட்ட குழாய் வழியாகத்தான் கஞ்சி. அதுவும் திரும்பி வரும்.

மருந்து சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்று ஒரு நாள் விட்டு ஒரு நாள் ரத்தம் எடுத்தார்கள். பொட்டாசியம் இறங்குகிறது என்று ஒரு கசப்பு டானிக் ஊற்றினார்கள். நாளுக்குப் பல தடவை இன்சுலின். நடுவே மறுபடி ஒரு தடவை மயக்கம் கொடுத்து உள்ளே சுத்தம் செய்தார்கள். வெளியே வந்த டாக்டர் வசுமதி, "ஓரத்துல ரத்தம் வருது" என்றார். அவர் சிரித்து நான் பார்த்தது அன்றுதான். ரத்தம் வந்தால் உயிருள்ள சதை. ரத்தம் வருகிறது என்பதைக் கேட்டு ஒரு குடும்பம் சந்தோஷப்பட்டதை நீங்கள் எங்கேயாவது கண்டதுண்டா?

பார்க்க வந்தவர்

ஒருநாள் காலை இந்திரா டீச்சர் பார்க்க வந்தார். கையில் ஆரஞ்சுப் பழம். என் முகத்தில் ஒட்டியிருந்த பிளாஸ்திரியைப் பார்த்ததும் அழ ஆரம்பித்துவிட்டார்.

நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். உருண்டையாக, பளபளவென்று, கன்னம் இரண்டும் உப்பியிருந்தது. பள்ளிக்கூடத்தில் எல்லோரும் "இந்திரா டீச்சருக்கு வயசு கொறையுது" என்று சொல்லிக்கொண்டிருந்தோம்.

அந்த நேரம் டாக்டர் வசுமதி ரவுண்ட்ஸ் வந்தார். என் கட்டிலுக்கு வந்தவர் என்னைப் பார்க்கவில்லை. இந்திராவைப் பார்த்தார்.

"நீங்க என்ன மாத்திரை சாப்புடுறீங்க?"

"நானா? நான் பேஷண்ட் இல்ல மேடம், பாக்க வந்தேன்."

"தெரியுது. ஸ்டீராய்டு சாப்புட்டா மொகம் இப்படித்தான் உப்பும். என்ன மாத்திரை?"

இந்திரா கைப்பையைத் திறந்து பட்டையை எடுத்து நீட்டினார். டாக்டர் அதைத் திருப்பிப் படித்தார். பிறகு என்னிடம் காட்டினார். "டீச்சர், நீங்க மூட்டு வலிக்குச் சாப்புட்டது இதானா?"

நான் தலையாட்டினேன். இந்திராவின் கையிலிருந்து பழப் பை நழுவி, ஆரஞ்சு ஒன்று பக்கத்துக் கட்டிலுக்கு அடியில் உருண்டு போனது. அங்கேயே அவருக்கும் விரலில் குத்தினார்கள். சர்க்கரை இருந்தது, என் அளவுக்கு இல்லை. "திடீர்னு நிறுத்திடாதீங்க, அதுவும் ஆபத்து. நான் சொல்ற மாதிரி கொஞ்சங்கொஞ்சமா கொறைக்கணும்" என்று டாக்டர் சொல்லிக்கொண்டே இருந்தார். இந்திராவுக்கு எதுவும் காதில் ஏறவில்லை. என் காலைப் பிடித்துக்கொண்டு, "நான்தான் குடுத்தேன், நான்தான் குடுத்தேன்" என்றே சொல்லிக்கொண்டிருந்தார்.

எனக்குக் கோபம் வரவில்லை. பயம்தான் வந்தது. இன்னும் எத்தனை கைப்பையில் இது இருக்கிறதோ என்று.

தகடு

புண் ஆறியதும் பல் பிரிவில் என்னை உட்காரவைத்து, ரோஸ் நிற மாவு போன்ற ஒன்றை வாய்க்குள் அழுத்தி அச்செடுத்தார்கள். சில நாள் கழித்து ஒரு தகடு வந்தது. ரோஸ் நிறம், ஓரத்தில் மூன்று நாலு பல், மேலே ஓட்டைக்குள் போய் உட்காருவதற்கு ஒரு குமிழ். அந்தப் பிரிவு டாக்டர் அதைத் தண்ணீரில் நனைத்து மாட்டிவிட்டு, "ஏதாவது பேசுங்க" என்றார்.

என்ன பேசுவது? ஒரு தமிழாசிரியை இந்த மாதிரி நேரத்துக்கு ஏதாவது பெரிதாகத் தயார் செய்து வைத்திருக்க வேண்டும். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. ஜன்னல் கதவு அடித்துக்கொண்டிருந்தது.

"அந்தக் கதவைச் சாத்துங்க, காத்து அடிக்குது" என்றேன்.

க, ச, த, ட எல்லாம் இருந்தன. கொஞ்சம் மழுங்கல், ஆனால் இருந்தன. என் கணவர் கதவைச் சாத்தவே இல்லை. "இன்னொரு வாட்டி சொல்லு, இன்னொரு வாட்டி சொல்லு" என்று நின்றுகொண்டிருந்தார்.

பள்ளிக்கூடத்துக்குத் திரும்பினேன். சாப்பிட்டதும் தகட்டைக் கழற்றிக் கழுவ வேண்டும். ஆசிரியர் அறைக் குழாயடியில் மற்றவர்கள் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள், இந்திரா மட்டும் பக்கத்தில் நின்று துண்டு தருவார்.

ஒரு தடவை செக்கப்புக்குப் போனபோது லேபிலும் எட்டிப் பார்த்தேன். அன்றைக்குப் பார்த்த ஸ்லைடை, டாக்டருக்குப் படிக்கும் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துவதற்காக வைத்திருந்தார்கள். நுண்ணோக்கியில் பார்த்தேன். அகலமான நாடாக்கள்; கண்ணாடி போலத் தெளிவாக, கணுவே இல்லாமல், வளைந்து கிளை பிரிந்து போயின. கோரமாக இருக்கும் என்று நினைத்துப் போனேன். இல்லை, அழகாக இருந்தது. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. உடனே வெளியே வந்துவிட்டேன்.

முருகவேல்

ஐந்தாறு வருடம் கழித்து, கடலூரில் 'தானே' புயல் அடித்து ஒரு மாதம் இருக்கும். டாக்டர் வசுமதி போன் செய்தார். "டீச்சர், உங்க ஊர்க்காரர் ஒருத்தர். உங்களுக்கு வந்ததுதான். ஆபரேஷன் வேணாம்னு கெளம்பறாரு. ஒரு நடை வர முடியுமா?"

போனேன். குமரன்தான் கொண்டுபோய் விட்டான். வழியெல்லாம் மரங்கள் விழுந்து கிடந்தன. மின்கம்பங்கள் வளைந்து நின்றன.

முருகவேல் துறைமுகத்தில் மீன் ஏலம் விடுகிறவர். நாற்பதுகூட இருக்காது. புயலில் வீடு போய்விட்டது. அன்றிலிருந்தே சர்க்கரை மாத்திரை போடவில்லை. மாத்திரை டப்பாவே கடலோடு போய்விட்டதாம். இடது கண் மூடி வீங்கியிருந்தது. சட்டையை மாட்டிக்கொண்டு கட்டிலில் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் அவர் மனைவி செல்லி, பையைக் கட்டி மடியில் வைத்துக்கொண்டு.

"கண்ணு போனாப் போவட்டுங்க்கா" என்றார். "ஒத்தக் கண்ணோட மீனு பாக்கலாம். அண்ணத்த வெட்டிட்டா நான் எப்படிக் கூவுவேன்? வாய வச்சிதான் எனக்குச் சோறு."

நான் புத்தி சொல்லவில்லை. பேசிப் பார்த்தேன், என் பேச்சைக் கேட்டு அவருக்கு நம்பிக்கை வரவில்லை. "உங்களுக்குக் கொஞ்சமா வெட்டியிருப்பாங்க" என்றார்.

கையை வாய்க்குள் விட்டுத் தகட்டைக் கழற்றினேன். கைக்குட்டையில் வைத்துக்கொண்டேன். கன்னம் உள்ளே குழிந்தது. அவருடைய நல்ல கண் என்னையே பார்த்தது. அந்தக் குரலில், அந்த மூக்குக் குரலில், என் பேர், ஊர், வேலை எல்லாம் சொன்னேன். அவர் முகம் வெளுத்துவிட்டது. பயமுறுத்திவிட்டேன், இனி நிச்சயம் எழுந்து போய்விடுவார் என்று நினைத்தேன். தகட்டை அவசரமாக மாட்டப் போனேன்.

"மாட்டாதீங்க" என்றார். "அந்தக் கொரல்லயே இவகிட்ட எதுனா ஒண்ணு கேளுங்க."

செல்லி பக்கம் திரும்பினேன். சாப்பிட்டீர்களா என்று கேட்டேன். என்ன வந்திருக்கும் என்று எழுதிக் காட்டுகிறேன்: "ஞாம்மிண்ணீங்ஙளா?"

செல்லி ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "எங்கக்கா? நேத்துலேர்ந்து இவரு ஒரு வாய் தின்னல, நான் மட்டும் எப்படித் தின்னுவேன்?" என்றாள். சொல்லிவிட்டு அழுதாள்.

முருகவேல் மனைவியைப் பார்த்தார். "ஒனக்கு வெளங்குதே" என்றார். அப்புறம் சட்டைப் பொத்தான்களை மேலிருந்து ஒவ்வொன்றாகக் கழற்ற ஆரம்பித்தார்.

"அந்தப் பைய அவுத்து வையி" என்றார் அவளிடம். "டாக்டரம்மாவக் கூப்புடு."